தொட்டியும் சிறிது, தீவும் சிறிது

சென்ற மாதம் நம் சங்கக் கூட்டம் முடிந்து எல்லோரும் காப்பி அருந்திக்கொண்டிருந்தபோது, ஓர் இளம் அன்பர் என்னிடம் வந்தார். "சார், உங்க வீட்டில் மீன் தொட்டி இருக்காமே? பிள்ளைகள் ஆசைப்பட்டாங்கன்னு நாங்களும் ஒண்ணு வாங்கியிருக்கோம். கண்ணாடியெல்லாம் பாசி பிடிக்குது. கடையில் கேட்டா, டேங்க் கிளீனர் மூணு நாலு போடுங்கன்னு சொல்றாங்க. சேர்த்துப் போடலாமா?" என்று கேட்டார்.

அன்று நான் சுருக்கமாக, "வேண்டாம் தம்பி" என்றேன். அவர் காரணம் கேட்பதற்குள் பேருந்துக்கு நேரமாகிவிட்டது. அவருக்குச் சொல்ல வேண்டிய பதிலையே இங்கு எழுதுகிறேன். நம் குடும்பங்கள் பலவற்றில் இப்போது மீன் தொட்டி இருப்பதால், எல்லோருக்கும் பயன்படும் என்பது என் எண்ணம்.

என்னை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் டிப்ளமோ படித்துவிட்டுத் தெற்கு ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்புப் பிரிவில் சேர்ந்து, பொறியாளராக ஓய்வு பெற்றவன். வாழ்நாள் முழுவதும் ரயிலோடு இருந்தவன், ஓய்வுக்குப் பின் மகனோடு ரயிலே இல்லாத இந்த ஊருக்கு வந்து சேர்ந்தேன். 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறினாலும், நம் வாயில் இன்னும் போர்ட் பிளேர் என்றே வருகிறது. பேரனுக்குத் துணையாக ஒரு தொட்டி வைத்தேன். அதில் நான் செய்த தவறுதான் இந்தக் கட்டுரைக்கு முதல்.

மூன்று குட்டிகள்

எங்கள் தொட்டி நான்கடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். விளிம்பு வரை நிரப்பினால் ஏறக்குறைய 240 லிட்டர். கூழாங்கல் போக, மேலே விரற்கடை விட்டு நிரப்பினால் 200 லிட்டர். வீட்டுத் தொட்டிகளில் இதைப் பெரியது என்றே சொல்லலாம். நான்கு தங்கமீன்கள் இருந்தன. பாசி பிடித்ததும் கடைக்குப் போனோம். கறுப்பும் பழுப்புமாகப் புள்ளி போட்ட, கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு தொங்கும் குட்டி மீன்களைக் கடைக்காரர் காட்டினார். விரல் நீளம்கூட இல்லை. "ஒன்று போட்டால் தனியாகத் தவிக்கும், மூன்று போடுங்கள், தொட்டி தானே சுத்தமாகிவிடும்" என்றார். பேரன் மூன்றுக்கும் பெயர் வைத்துவிட்டான். வாங்கி வந்தோம்.

முதல் ஆறு மாதம் எல்லாம் நன்றாகவே இருந்தது. பிறகு அவை வளர்ந்தன. ஒன்றரை ஆண்டில் பெரியது என் முன்கை நீளத்துக்கு வந்துவிட்டது. பாசி தின்பதைக் குறைத்துக்கொண்டு, தங்கமீனுக்குப் போடும் தீனியைத் தின்னத் தொடங்கியது. தொட்டியின் அடியில் நூல் நூலாகக் கழிவு சேர்ந்தது. சுத்தம் செய்ய வந்தவர் வீட்டையே அசுத்தம் செய்த கதைதான்.

ஓர் இரவு இரண்டு மணி இருக்கும். கூடத்தில் டொக் டொக்கென்று கண்ணாடியில் ஏதோ இடிக்கும் சத்தம். விளக்கைப் போட்டுப் பார்த்தால், தொட்டியிலிருந்த ஒரே மரக்கட்டைக்கு அடியில் பெரியது இரண்டும் துடுப்பை விரித்துக்கொண்டு ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருந்தன. சின்னது ஒரு மூலையில் துடுப்பு கிழிந்து கிடந்தது. இரண்டு நாளில் அது இறந்துவிட்டது. அதே வாரத்தில் ஒரு தங்கமீனின் விலாவில் வட்டமாகப் புண். இரவில் அசையாமல் நிற்கும் மீனின் உடம்பில் வாயை ஒட்டி, மேலிருக்கும் வழவழப்பைச் சுரண்டித் தின்னும் பழக்கம் இந்த மீனுக்கு உண்டு என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். பேரன், "தாத்தா, நீங்க மூணு வாங்கலாம்னு சொன்னதாலதானே?" என்று கேட்டான். என்னிடம் பதில் இல்லை.

இந்த மீன் யார்?

நாம் டேங்க் கிளீனர் என்றும் சக்கர் மீன் என்றும் சொல்லும் பிளெக்கோ, தென் அமெரிக்காவைச் சேர்ந்தது. அமேசான் முதலிய பேராறுகள்தான் அதன் பிறந்த வீடு. உடம்பெல்லாம் எலும்புத் தகடு, கவசம் போல. அங்குள்ள மக்கள் இதை ஓட்டோடு சுட்டுச் சாப்பிடுகிறார்கள். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் வகை, வசதியான இடத்தில் ஒன்றரை அடி வரை வளரும். பத்துப் பதினைந்து ஆண்டு உயிர் வாழும். அதாவது, எட்டு வயதுப் பேரனுக்கு வாங்கிக் கொடுத்தால், அவன் கல்லூரி முடிக்கும்வரை நாம் வைத்துக் காப்பாற்ற வேண்டிய மீன் இது. கடையில் யாரும் இதைச் சொல்வதில்லை. நாமும் கேட்பதில்லை.

பிளெக்கோ கூட்டமாக வாழ்ந்தே ஆக வேண்டிய மீன் அல்ல. தனியாக விட்டால் தவிக்காது. பகலில் ஒரு பொந்தில் ஒளிந்துகொண்டு இரவில் மேயும் சுபாவம். தன் பொந்து என்று ஓரிடத்தைப் பிடித்துக்கொண்டால், இன்னொன்றை அண்ட விடாது. குட்டியில் சண்டை இருக்காது; வளர்ந்த பிறகு, அதிலும் இரண்டு ஆண் அகப்பட்டால், சண்டை நிச்சயம்.

ஆகவே இளம் அன்பருக்கு என் முதல் பதில்: இரண்டடித் தொட்டியில் தண்ணீர் 50 லிட்டர்தான் பிடிக்கும். அதில் இந்தச் சாதாரண வகையை மூன்றல்ல, ஒன்றுகூட வைக்கக் கூடாது. நான்கடித் தொட்டியிலும் ஒன்று வளர்ந்துவிட்டால் திரும்புவதற்கு இடம் போதாது.

சேர்த்துத்தான் வளர்க்க வேண்டும் என்றால்

ஆசை விடவில்லையானால், பிரிசில்நோஸ் என்ற சிறிய வகை இருக்கிறது. வளர்ந்தாலும் ஐந்து அங்குலத்துக்குள் நிற்கும். ஆணுக்கு மூக்கின் மேல் மீசை போல கொம்பு கொம்பாக முளைத்திருக்கும். பெண்ணுக்கு அது இல்லை, அல்லது விளிம்பில் சிறிதாக இருக்கும். ஆகவே ஓரளவு வளர்ந்தால் அடையாளம் கண்டு வாங்கலாம். மூன்றடிக்குக் குறையாத தொட்டியில் ஓர் ஆண், இரண்டு பெண் என்று வைத்தால் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். இரண்டு ஆண் வேண்டாம்.

எத்தனை மீனோ, அதைவிட ஒரு பொந்து கூடுதலாக இருக்கட்டும். இதற்குக் கடையில் பணம் கொடுக்க வேண்டியதில்லை. நம் ஊரில் கொட்டாங்குச்சிக்கா பஞ்சம்? நன்றாகச் சுரண்டிக் கொதிக்க வைத்து, ஓரத்தில் வாசல் வெட்டிக் கவிழ்த்து வைத்தால் போதும். உடைந்த மண்சட்டியும் ஆகும். ஒன்றின் வாசல் இன்னொன்றைப் பார்க்காதபடி தள்ளித் தள்ளி வையுங்கள். மரக்கட்டையைச் சுரண்டித் தின்பதும் இவற்றின் வழக்கம். எனவே ஊறவைத்துச் சாயம் போக்கிய ஒரு கட்டை தேவை. கடற்கரையில் கிடக்கும் கட்டையை எடுத்துப் போடாதீர்கள், உப்பு இறங்கும். அலங்காரத்துக்காகப் பவளத்தை எடுக்கவே எடுக்காதீர்கள். அது வனவிலங்குச் சட்டப்படி குற்றம்.

பாசி மட்டும் உணவாகாது. இரவு விளக்கணைத்த பின் வெள்ளரித் துண்டு, பூசணித் துண்டு, லேசாக வெந்த கீரை போடலாம். மிச்சத்தைக் காலையில் எடுத்துவிட வேண்டும். நம் ஊர் வெப்பத்தில் மிச்சம் கிடந்தால் தண்ணீர் ஒரே நாளில் கெட்டுவிடும். சூடான தண்ணீரில் பிராண வாயு குறைவாகவே கரையும் என்பதால், மின்சாரம் போய்க் காற்றுப் பம்பு நின்றால் நெருக்கமான தொட்டியில்தான் முதலில் ஆபத்து வரும்.

அடுத்தது தண்ணீர்க் கணக்கு. இந்த மீன்கள் உள்ள தொட்டியில் வாரம் ஒரு முறை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்ற வேண்டும். என் 200 லிட்டர் தொட்டிக்கு அது 60 லிட்டருக்கு மேல். நான்கு பெரிய வாளி. குழாய்த் தண்ணீரை ஒரு நாள் டிரம்மில் பிடித்து வைத்துக் குளோரின் போன பிறகே ஊற்ற வேண்டும். மழைக்காலத்தில் இது சிரமமில்லை. கோடையில் தனிகாரி அணையின் நீர்மட்டம் இறங்கி, குழாயில் நாள் விட்டு நாள் விட்டுத் தண்ணீர் வரும்போது, குடிக்கும் தண்ணீரில் நான்கு வாளியை மீனுக்கு ஊற்ற எந்த வீட்டு அம்மாள் சம்மதிப்பார்கள்? என் மருமகள், "மாமா, மீனுக்கா நமக்கா, நீங்களே சொல்லுங்க" என்று கேட்டது நியாயம்தான். தொட்டி வாங்கும் முன்பே போட வேண்டிய கணக்கு இது. மாற்றிய தண்ணீரை வீணாக்காமல் செடிகளுக்கு ஊற்றலாம், நல்ல உரம்.

வாளியோடு போன வழியில்

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். சின்னது இறந்த பிறகு, மீதி இரண்டை என்ன செய்வது? கடைக்காரர் திரும்ப எடுக்க மறுத்துவிட்டார். தெரிந்தவர் யாருக்கும் வேண்டாம். மகன், "அப்பா, பின்பக்கம் நாலாவில் விட்டுடலாம், அது பாட்டுக்குப் பிழைச்சுக்கும்" என்றான். எனக்கும் அது தர்மமாகவே பட்டது. கொல்வதைவிட விடுவது மேல் அல்லவா? ஒரு மாலையில் இரண்டையும் வாளியில் எடுத்துக்கொண்டு, பேரனையும் கையில் பிடித்துக்கொண்டு ஓடைக்குப் போனேன்.

ஓடைக்கரையில் கால் வைத்தபோது, பேரன் நண்டு வளையைப் பார்த்து, "தாத்தா, இது என்ன ஓட்டை?" என்றான். அந்த ஒரு கேள்வி என்னை நிறுத்திவிட்டது.

1980களில் தஞ்சாவூர்ப் பக்கம் மீட்டர்கேஜ் பாதையில் நான் வேலை பார்த்தபோது, ஐப்பசி கார்த்திகை வந்தால் எங்களுக்குத் தூக்கம் கிடையாது. மண் கரை மேல் தண்டவாளம். இரு பக்கமும் வயல் நிறையத் தண்ணீர். கரையில் நண்டு வளை, எலி வளை இருக்கும். வெளியே பார்த்தால் கட்டைவிரல் அளவுதான். அதன் வழியாகத் தண்ணீர் உள்ளே புகுந்து மறுபக்கம் கசியும். கசிவில் முதலில் தெளிந்த நீர் வரும். பிறகு கலங்கல் வரும். கலங்கல் வந்தால் உள்ளே மண் கரைகிறது என்று பொருள். அதற்குப் பிறகு மணல் மூட்டையோடு ஓடுவதுதான் வேலை. கரை உடைவது பெருவெள்ளத்தால் மட்டும் அல்ல, சிறு வளையாலும்தான் என்று எனக்கு மேலிருந்தவர்கள் சொல்லித் தந்தார்கள்.

பிளெக்கோ என்ன செய்யும் தெரியுமா? இனப்பெருக்கத்துக்கு மண் கரையில் வளை தோண்டும். மூன்றடி ஆழத்துக்கும் மேலே போகும் வளை. அதற்குள் முட்டையிட, ஆண் காவல் இருக்கும். நூற்றுக்கணக்கில் முட்டை, பெரிய மீனானால் ஆயிரத்தையும் தாண்டும். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் கால்வாய்க் கரைகள் இப்படி அரிக்கப்பட்டிருக்கின்றன. தண்ணீர் வற்றிப் பிராண வாயு குறைந்தாலும் இது சாகாது; மேலே வந்து காற்றை விழுங்கி வயிற்றால் சுவாசிக்கும். நீருக்கு வெளியே ஈரமாகப் பல மணி நேரம் உயிரோடு இருக்கும். "அது பாட்டுக்குப் பிழைச்சுக்கும்" என்று மகன் சொன்னது உண்மைதான். அதுதான் பயமே.

மெக்சிகோவில் இன்ஃபியர்னியோ என்ற பெரிய அணையில் திலாப்பியா பிடித்துப் பல குடும்பங்கள் பிழைத்தன. 2000க்குப் பிந்தைய ஆண்டுகளில் வலையில் இந்தக் கவச மீனே பெரும்பாலும் விழத் தொடங்கியது. அதன் முள்ளில் வலையும் கிழிந்தது. நம் நாட்டிலும் இது புதிதல்ல. கிழக்குக் கொல்கத்தா நீர்நிலைகளில் இருக்கிறது. கிருஷ்ணா நதி மீனவர்கள் இதைப் பேய் மீன் என்று திட்டுகிறார்கள். 2020இல் வாராணசி அருகே கங்கையில் பிடிபட்டது செய்தியானது. இவற்றில் எதையும் அமேசானிலிருந்து வெள்ளம் அடித்துவரவில்லை. யாரோ வளர்த்ததுதான். சிலது பண்ணையிலிருந்து தப்பியிருக்கும். மற்றவை என்னைப் போல யாரோ ஒரு தாத்தா, யாரோ ஒரு வாளியோடு, நல்ல எண்ணத்தோடு விட்டவையாக இருக்கும்.

நம் தீவுக்கு இது ஏன் பெரிது?

பெரிய நாட்டில் ஒரு நதி கெட்டால் இன்னொரு நதி உண்டு. நமக்கு என்ன இருக்கிறது? வடக்கு அந்தமானில் கல்போங். மற்ற இடங்களில் மலையிலிருந்து இறங்கிச் சில கிலோமீட்டரில் கடலில் கலக்கும் சிற்றோடைகள். சுனாமிக்குப் பிறகு விவசாயிகள் வெட்டிய குட்டைகளில் ரோகு, கட்லா வளர்க்கிறார்கள். எல்லாம் மண் கரைதான். குடிப்பதும், பயிருக்கு இறைப்பதும், மீன் வளர்ப்பதும் இந்தச் சிறு நீரை நம்பித்தான்.

வெளியிலிருந்து வந்த உயிர்களால் இந்தத் தீவுகள் பட்ட பாடு நம் கண் முன்னாலேயே இருக்கிறது. ராஸ் தீவு என்ற, 2018இல் நேதாஜி பெயர் பெற்ற தீவுக்குப் போனால் புள்ளிமான்களைப் பார்த்துப் பிள்ளைகள் குதிக்கிறார்கள். வெள்ளையர் காலத்தில் கொண்டுவந்து விடப்பட்டவை அவை. இங்கு அவற்றைத் தின்னும் புலியோ சிறுத்தையோ இல்லாததால் மற்ற தீவுகளிலும் பெருகிக் காட்டின் இளங்கன்றுகளை மேய்கின்றன. மழை பெய்தால் நம் தோட்டத்தில் ஊரும் ஆப்பிரிக்கப் பெருநத்தை, இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் இருந்த காலத்தில் வந்தது. இன்றும் நம் வீட்டு அம்மாக்கள் உப்பும் கையுமாக அதனோடு போராடுகிறார்கள்.

மிக அண்மைக் கதை, பெருந்தவளை. நம் தமிழ்நாட்டு வயல்களில் சாதாரணமாகக் காணும் அதே தவளைதான். இந்த நூற்றாண்டில்தான் இங்கே பரவத் தொடங்கியது. பெருநிலத்திலிருந்து வளர்ப்புக்குக் கொண்டுவந்த மீன் குஞ்சுகளோடு அதன் தலைப்பிரட்டைகளும் கலந்து வந்திருக்க வேண்டும் என்று ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். இப்போது அது இத்தீவுக்கே உரிய தவளைகளையும், வீட்டுக் கோழிக்குஞ்சுகளையும்கூட விழுங்குகிறது. அதன் தலைப்பிரட்டையே மற்றத் தலைப்பிரட்டைகளைத் தின்கிறது. யாரும் கெட்ட எண்ணத்தோடு கொண்டுவரவில்லை. ஒரு பையில் கூட வந்துவிட்டது. பிறகு திருப்பி அனுப்ப யாராலும் முடியவில்லை.

"நாமும் பிழைக்க வந்தவர்கள்தானே, மீனுக்கு மட்டும் ஏன் இந்தக் கண்டிப்பு?" என்று ஒரு நண்பர் சிரித்துக்கொண்டே கேட்டார். நாம் வந்த இடத்தின் மொழியைக் கற்றோம், வழக்கத்துக்கு இணங்கினோம், சட்டத்துக்குக் கட்டுப்பட்டோம். மீனுக்கு அந்த அறிவு கிடையாது. அது தன் சுபாவப்படிதான் நடக்கும். ஆகவே பொறுப்பு முழுவதும் அதைக் கொண்டுவந்த நம்முடையது.

என் தாழ்மையான யோசனைகள்

அன்று வாளியோடு வீடு திரும்பினேன். பேரனுக்குக் காரணம் சொன்னேன். பின்கட்டில் எட்டடிக்கு நான்கடி, இரண்டரை அடி ஆழத்தில் ஒரு சிமெண்ட் தொட்டி கட்டினேன். 2,000 லிட்டருக்கு மேல் பிடிக்கும். கூரைத் தண்ணீரைக் குழாய் வைத்து அதில் இறக்கினேன்; குடிதண்ணீர்ச் சண்டை தீர்ந்தது. பெருமழையில் நிரம்பி வழிந்தால் மீன் சாக்கடை வழியே ஓடைக்குப் போகக் கூடாது என்று, வழியும் குழாய்க்குக் கம்பிவலை போட்டு, மேலேயும் வலை மூடினேன். ஒவ்வொரு மழைக்கு முன்பும் அந்த வலையைத் தொட்டுப் பார்க்கிறேன். பழைய ரோந்துப் பழக்கம். ஆளுக்கொரு மூலையில் இரண்டும் வாழ்கின்றன. அறுபது ரூபாய் மீனுக்கு ஆயிரக்கணக்கில் செலவு. தவறு என்னுடையது, அபராதமும் என்னுடையதாக இருப்பதுதான் முறை.

எல்லோராலும் தொட்டி கட்ட முடியாது. ஆகவே மூன்று யோசனை. முதலாவது, வாங்கும் முன் கடையில் இரண்டு கேள்வி கேளுங்கள்: "இது வளர்ந்தால் எவ்வளவு பெரிதாகும்? வேண்டாமென்றால் திரும்ப எடுப்பீர்களா?" பதில் வராத கடையில் வாங்காதீர்கள். இரண்டாவது, நம் சங்க அறிவிப்புப் பலகையில் ஓரிடம் ஒதுக்கலாம். மீன் மிஞ்சியவர் பெயர் எழுதட்டும், பெரிய தொட்டி உள்ளவர் எடுத்துக்கொள்ளட்டும். என் தொட்டியில் இன்னும் ஓரிரு மீனுக்கு இடம் இருக்கிறது. முதல் பெயரை நானே எழுதுகிறேன். மூன்றாவது, எந்த வழியும் இல்லாவிட்டால் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். துன்பமில்லாமல் முடிக்க வழி உண்டு. கேட்கக் கடினமாக இருக்கும். ஆனால் ஓடையில் விடுவது கருணை அல்ல. நம் வீட்டுச் சங்கடத்தை ஊர்த் தண்ணீரில் கொட்டுவதுதான் அது. அயல் உயிரினங்களின் பரவலைக் கட்டுப்படுத்த 2022இல் வனவிலங்குச் சட்டத்தைத் திருத்தி அரசுக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் இரவில் வாளியோடு போகும் ஆளை எந்தச் சட்டமும் பின்தொடர முடியாது. நம் மனம்தான் தடுக்க வேண்டும்.

மீன் வளர்க்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பிள்ளைகள் தொலைக்காட்சியையும் கைப்பேசியையும் விட்டு ஓர் உயிரைக் கவனிப்பது நல்லதே. பாசிக்கு ஒரு பழைய துணியும் பத்து நிமிடமும் போதும், தம்பி. அதைத் துடைக்கும் வேலையைப் பிள்ளைக்குக் கொடுங்கள். என் பேரன் இப்போது ஞாயிறுதோறும் அதைத்தான் செய்கிறான். கூலியாக எனக்கு ஒரு கதை சொல்ல வேண்டும் என்பது ஒப்பந்தம். பெரும்பாலும் ரயில் கதைதான் கேட்கிறான்.

அன்பர்கள் சிந்திக்க வேண்டுகிறேன். வணக்கம்.